பொள்ளாச்சி – வால்பாறை: 40 வளைவு ஏறினவங்க கதை

இன்னைக்கு ஒரு ரோட்டோட கதை. உங்கள்ல பாதிப் பேராவது இந்த ரோட்டை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ட்ரோன் மேலேயிருந்து எடுத்திருக்கும். மடிஞ்சு மடிஞ்சு போற தார் ரோடு, கீழே நீலமா ஓர் அணை, பின்னணியில ஒரு ராஜா சார் பாட்டு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போற சாலை. அரசாங்கக் கணக்கில் அதன் பெயர் மாநில நெடுஞ்சாலை 78. நீளம் சுமார் 64 கிலோமீட்டர். அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள், 1/40, 2/40 என்று. பஸ்ஸில் போகிற குழந்தைகள் எல்லாம் அதைச் சத்தமாக எண்ணிக்கொண்டே போகும். நானும் எண்ணினேன், அதில் என்ன இருக்கு.

ஆனா இந்த எபிசோட் வியூ பாயிண்ட் பற்றியது இல்லை. இந்த ரோட்டில் முதல் அம்பது வருஷம் யார் ஏறினாங்க, ஏறினவங்க ஏன் இறங்க முடியலை, இதுதான் இன்னைக்குக் கேள்வி. எனக்குத் தெரிஞ்சு தமிழ்நாட்டில் இவ்வளவு போட்டோ எடுக்கப்பட்டு, இவ்வளவு குறைவாகப் பேசப்பட்ட ரோடு வேற இல்லை.

முதல்ல வழியைச் சொல்லிடறேன். பொள்ளாச்சியை விட்டுக் கிளம்பினால் கொஞ்ச நேரத்துக்கு ரெண்டு பக்கமும் தென்னந்தோப்புதான். அங்கலக்குறிச்சி தாண்டினதும் மலை முன்னாடி வந்து நிற்கும். ஆழியாறு அணை, அதை ஒட்டி வனத்துறை செக்போஸ்ட், அப்புறம் குரங்கு அருவி. அங்கிருந்து வளைவுகள் ஆரம்பம். 9வது வளைவில் எல்லாரும் வண்டியை நிறுத்துவார்கள், அங்கே நின்றால் ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். இன்னும் ஏறினால் அட்டகட்டி, அங்கிருந்து கடம்பாறைக்கு ஒரு வழி பிரியும். அப்புறம் வாட்டர்ஃபால் எஸ்டேட். இங்கேதான் காடு விலகி, கத்தரிச்ச மாதிரி தேயிலை தொடங்கும். பனி மூடிய கவர்கல், ரொட்டிக்கடை, புதுத்தோட்டம், கடைசியாக வால்பாறை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி. ரொட்டிக்கடைன்னு ஓர் ஊர் இருக்கிறதை நம்பாதவங்க பஸ் போர்டைப் பாருங்க.

இத்தனை வளைவு எதுக்கு? விஷயம் சின்னதுதான். மோட்டார் வண்டி வருவதற்கு முன்னால் மலைச் சாலைகளை மாட்டு வண்டிக்காக அளந்தார்கள். சுமை ஏற்றிய மாட்டு வண்டி, இருபது அடி போனால் ஓரடி உயரம் என்ற மாதிரியான சரிவில்தான் நிற்காமல் ஏறும். அதுக்கு மேல் செங்குத்தாக வைத்தால் மாடு படுத்துவிடும், இறங்கும்போது வண்டி மாட்டின் மேலேயே வந்து விழும். அந்தக் கணக்கில் 1,000 மீட்டர் ஏற வேண்டுமென்றால் 20 கிலோமீட்டர் ரோடு வேண்டும். மலைமுகத்தில் 20 கிலோமீட்டர் நேராக எங்கே கிடைக்கும்? கிடைத்த இடத்திலேயே மடித்து மடித்துப் போட வேண்டியதுதான். இன்னைக்கு நம்ம பைக் சாய்ச்சுத் திருப்பற ஒவ்வொரு வளைவும் ஒரு மாட்டின் மூச்சுக்கு ஏற்றபடி வைத்தது.

இப்போ இந்த மலைக்குள்ள ரோடு எதுக்கு வந்ததுன்னு பார்ப்போம்.

ஆனைமலைக் காட்டில் மனிதர் நடக்கிற வழி எப்பவுமே இருந்தது. காடர், மலை மலசர், முதுவர், புலையர் என்று பழங்குடிகள் இங்கே வாழ்கிறார்கள். தேன், ஏலக்காய், மெழுகு எடுப்பது, யானைத் தடம் பார்ப்பது எல்லாம் அவர்கள் அறிவு. வெள்ளைக்காரர் முதலில் இந்த மலைக்கு ஏறி வந்தது தேக்குக்காக. டாப்ஸ்லிப் என்ற பெயரே மரத்தை மேலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால் வந்தது. அடுத்ததாக வந்தது வேட்டை. 1875-இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனவர், இந்தியா வந்தார். ஆனைமலையில் அவருக்கு வேட்டை ஏற்பாடு ஆனது. காலரா பரவியதால் அந்தப் பயணம் ரத்தானது. இளவரசருக்காக வெட்டிய வழிதான் இந்த ரோட்டுக்கு முதல் கோடு என்று வால்பாறையில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை மேல் பெரிய ஈர்ப்பு இல்லை. வராத இளவரசருக்கு ஒரு கதை இருக்கு, வந்து மண் வெட்டினவனுக்கு இல்லை.

ரோட்டை உண்மையில் இழுத்து வந்தது தோட்டங்கள். 1860-களிலேயே காபி போட்டுப் பார்த்தார்கள், பெரிதாக எடுபடவில்லை. 1890-களில்தான் அரசாங்கத்திடமிருந்து காட்டைப் பெரிய அளவில் வாங்கி, முறையாக அழித்து நடும் வேலை தொடங்கியது. அந்தத் துரைமார்களில் முக்கியமானவர் கார்வர் மார்ஷ். அவருக்குச் சாலையோரம் ஒரு சிலையே இருக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று சொல்வார்கள். 9வது வளைவு வியூ பாயிண்டுக்கு லோம்ஸ் வியூ என்று பெயர், சாலையைப் போட்ட பொறியாளர் லோம் நினைவாக வைத்ததாகச் சொல்கிறார்கள். ஆக ஒருத்தருக்குச் சிலை, ஒருத்தருக்கு வளைவு. 40 வளைவில் ஒன்றுக்குக்கூட கடப்பாரை பிடித்தவர் ஊரின் பெயரோ ஜாதியின் பெயரோ ஆளின் பெயரோ கிடையாது.

சரி, அந்த ஆள் யார்?

காடு அழித்து, குழி தோண்டி, செடி நட்டு, கொழுந்து பறிக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். மலையில் ஏற்கெனவே இருந்த காடரும் முதுவரும் அந்த வேலைக்குப் பெரிதாக வரவில்லை. சரியாகத்தான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். எனவே ஆள் சமவெளியிலிருந்து வந்தார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து வானம் பார்த்த கரிசல் பூமி, சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு. பெரும்பாலும் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட ஜாதிக் குடும்பங்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு கிராமத்தில் இன்னும் ஆறாத காலம். மழை பொய்த்தால் கூழுக்கு வழியில்லை, ஊரில் நாற்காலி போட்டு உட்கார உரிமையில்லை. அந்த மாதிரி ஊருக்கு ஒருநாள் மேஸ்திரி வருவார்.

மேஸ்திரி யார்னா, அதே வட்டாரத்து ஆள்தான். நம்ம பாஷை பேசுவார். நல்ல வேட்டி, கோட்டு, கையில் காசு. "மலையில டீத்தோட்டத்துல வேலை, வேளாவேளைக்குச் சோறு, வீடு, கம்பளி, வருஷம் முடிஞ்சா கை நிறையக் காசோட ஊருக்குத் திரும்பலாம்" என்பார். கையோடு முன்பணம் கொடுப்பார். கடனில் மூழ்கின குடும்பத்துக்கு அந்த முன்பணம் சாமி கொடுத்த மாதிரி. கைநாட்டு வைப்பார்கள். அவ்வளவுதான், சாலை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

இந்த முன்பணம் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்றேன், ஏன்னா மொத்தக் கதையும் அதில்தான் இருக்கு. முன்பணம் எஸ்டேட் கொடுத்தது, மேஸ்திரி வழியாக. தொழிலாளி பெயரில் அது கடனாக ஏறும். மலைக்கு வரும் வழிச்செலவு அதோடு சேரும். கொடுத்த கம்பளி சேரும். வாராவாரம் கொடுக்கிற அரிசி சேரும். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி கிடையாது, ஆனால் அரிசிக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கூலிக் கணக்கு வாரத்தில் தீராது, ஒப்பந்தக் காலம் முடியும்போதுதான் பார்ப்பார்கள். அன்றைக்குப் பேரேட்டைத் திறந்தால் பல பேருக்கு மிச்சம் எதுவும் இருக்காது, கடன்தான் இருக்கும். கடனை அடைக்காமல் இறங்க முடியாது. அடைக்க இன்னொரு வருஷம். மேஸ்திரிக்கோ தன் ஆட்கள் செய்யும் வேலையில் கமிஷன், எனவே ஆள் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பிழைப்பு.

ஓடிப் போகலாமே என்று கேட்கலாம். 1859-இல் போட்ட ஒரு சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைக் குற்றவாளியாக நடத்தி, மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி, ஜெயிலுக்கு அனுப்பலாம். கவனிங்க, கடன் பாக்கிக்கு சிவில் கேஸ் இல்லை, ஜெயில். அந்தச் சட்டத்தை நீக்க 1925-இல்தான் இன்னொரு சட்டம் வந்தது. அதுவரைக்கும் மலையிலிருந்து தப்பிப்பது குற்றம். அதோடு பொள்ளாச்சிப் பக்கம் இறங்க இருப்பது ஒரே ரோடு. மற்ற பக்கமெல்லாம் யானைக்காடு. ஒரு ரோட்டை ரெண்டு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1915-இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது, 1928-இல் அந்தப் பாதை திண்டுக்கல் வரை நீண்டது. தெற்கிலிருந்து ஆள் கொண்டுவருவது இன்னும் சுலபமானது. பொள்ளாச்சியில் இறங்கி அங்கிருந்து நடை. இன்னைக்கு பஸ்ஸில் மூணு மணி நேரம் உட்கார்ந்து போறதுக்கே எலுமிச்சம்பழம் தேடறோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, இதுவரை மலையே ஏறாத கரிசல்காட்டு ஜனங்கள் இந்த ரோட்டில் நடந்தார்கள். அட்டை கடித்தது. மேலே போனால் விடாத மழை. வால்பாறை வட்டாரம் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அதற்கு மேல் மலேரியா. வெட்டவெளியாக்கின காட்டில், ஓடைக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், ஒரே அறையில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். காய்ச்சலில் செத்தவர்களைச் செடிகளுக்கு நடுவிலேயே புதைத்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ஒரு டாக்டரால். பி.எச். டேனியல். 1940-களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். நோயாளிகளாக வந்த பழைய ஆட்களிடம் அவர்கள் வந்த கதையைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, தொழிலாளர் சங்கம் கட்டுவதில் இறங்கினார். பிறகு கேட்டதையெல்லாம் வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார், 'ரெட் டீ'. வெளிவந்த வருஷம் 1969. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பன், வள்ளி என்று ஒரு இளம் தம்பதி 1920-களில் மேஸ்திரியை நம்பி மலை ஏறுவதுதான் கதை. இதை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தது 2007-இல். அதாவது, தமிழ்த் தொழிலாளிகள் தமிழில் சொன்ன கதை திரும்பத் தமிழுக்கு வந்து சேர 38 வருஷம் ஆனது.

நிறைய பேருக்கு இந்தக் கதை பாலாவின் 'பரதேசி' மூலம்தான் தெரியும். 2013-இல் வந்த படம், இந்த நாவலை அடிப்படையாக வைத்தது. படத்தின் முதல் பாதியில் ஊர் விட்டு நடக்கிற அந்த நீண்ட பயணம் எனக்கு மறக்காது. ஆனா எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லியே ஆகணும். படத்தில் வருகிற டாக்டர் மதம் மாற்ற வந்தவராக, ஆடிப்பாடி கேலிக்குரியவராக வருகிறார். நிஜத்தில் இந்தக் கதையைச் சேகரித்து எழுதினவர் ஒரு டாக்டர், சங்கம் கட்டின ஆள். கதையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவர் இடத்தில் ஒரு கோமாளியை வைத்தது நியாயமில்லை. படம் பார்த்தவங்க நாவலையும் படிங்க.

சரி, ரோட்டுக்கு வருவோம். எப்போ இது இறங்குவதற்கும் ரோடாக மாறியது? எனக்கு இதில் மூணு விஷயம் படுது. ஒன்று, சங்கங்கள். சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் தோட்டங்களில் சங்கம் உறுதியாகக் கால் ஊன்றியது. அடுத்து 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, குடிதண்ணீர், மருத்துவமனை, குழந்தைக் காப்பகம், பள்ளி எல்லாம் எஸ்டேட்டின் கடமை என்று எழுத்தில் வந்தது. மூணாவது, பஸ். இது வரலாற்றுப் புத்தகத்தில் வராது. டிக்கெட் எடுத்தால் யாரும் கேட்காமல் பொள்ளாச்சி போய் வரலாம் என்பது, ஒரு தலைமுறைக்கு முன்னால் அதே ரோட்டில் தப்பி ஓடுவதே குற்றமாக இருந்த ஒரு சமூகத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அதே காலத்தில் இந்த ரோட்டில் இன்னொரு பெரிய கூட்டம் ஏறியது, அணை கட்ட. காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். சோலையாறு, பரம்பிக்குளம், ஆழியாறு என்று மேற்கே போகிற ஆறுகளின் தண்ணீரை அணைகளாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களாலும் இணைத்துக் கிழக்கே திருப்பின திட்டம். நாம் வளைவு வளைவாக ஏறுகிற அதே மலைத்தொடருக்குள் தண்ணீர் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை வயல்கள், கேரளத்தில் சித்தூர், எல்லாம் இதை நம்பி இருக்கின்றன. 1970-இல் ரெண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டன, பங்கு பற்றிய வாக்குவாதம் இன்னும் நடக்கிறது. அட்டகட்டியில் பிரியும் வழியில் போனால் 1980-களின் கடைசியில் இயங்க ஆரம்பித்த கடம்பாறை மின்நிலையம். 400 மெகாவாட். மின்தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை கூடும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இதைப் பற்றித் தனி எபிசோடே பண்ணலாம், இப்போதைக்கு விட்டுடறேன்.

இப்போ கதை திரும்புகிற இடம். 2001 கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 95 ஆயிரம். 2011-இல் சுமார் 71 ஆயிரம். பத்து வருஷத்தில் நாலில் ஒருத்தர் காணோம். தமிழ்நாட்டில் ஊர்கள் எல்லாம் வீங்கிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே மட்டும் ஜனம் வடிகிறது.

ஏன்? தேயிலை விலை ஒரு காரணம். தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவு வாங்கிக்கொண்டிருந்தது சோவியத் யூனியன். அது 1991-இல் உடைந்தது, பின்னால் 1990-களின் முடிவிலிருந்து விலை பலமாக விழுந்தது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன, கூலி உயர்வு இழுத்தடித்தது. அதே நேரத்தில் கீழே திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தன. பிள்ளைகளும் படித்துவிட்டார்கள். எஸ்டேட் பள்ளியில் படித்து, கோயம்புத்தூரில் காலேஜ் முடித்த பெண் திரும்பி வந்து அம்மாவுடைய கொழுந்துக் கூடையை ஏன் எடுக்கணும்? அவள் இறங்கிப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் வேறொரு விஷயத்தில். லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை இருக்கிறவரை வீடு. ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லை என்றால், காலி பண்ண வேண்டும். பாட்டி அங்கேயே பிறந்தவர், அம்மா அங்கேயே பிறந்தவர். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தாரோ அந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, முகம் தெரிந்த சொந்தம்கூட இருக்காது. மலையில் நாலு தலைமுறை உழைத்தும் மலையில் ஒரு சென்ட் கிடையாது. எனவே அறுபது வயதை ஒட்டி ஒருவர் தட்டுமுட்டுச் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு, பிள்ளை வாடகைக்கு இருக்கும் திருப்பூர் லைன் வீட்டுக்கு இறங்குகிறார். அங்கேயும் அதற்குப் பெயர் லைன் வீடுதான்.

அந்தக் காலி வீடுகளுக்கு இப்போது யார் வருகிறார்கள் தெரியுமா? அசாம், ஜார்க்கண்ட், ஒடிசா. நம்ம தாத்தாக்கள் மாதிரியே, நிலமில்லாத குடும்பங்கள், பலர் பழங்குடிகள், ஏஜென்ட் வழியாக. 1859 சட்டம் இல்லை, ஜெயில் இல்லை, அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் மொழி தெரியாத மலை, புதிய காட்டு மிருகங்கள், ஊருக்கு மூணு நாள் ரயில் தூரம், இதெல்லாம் அப்படியே இருக்கு. பஸ்ஸில் இப்போ இந்தியும் சாத்ரியும் கேட்கலாம். வால்பாறையில் ஒரு தலைமுறைக்கு அப்புறம் இந்தப் பிள்ளைகளில் யாராவது ஒரு 'ரெட் டீ' எழுதுவார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

மிருகம்னு சொன்னதால யானையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை. யானைகள் வழிவழியாக நடந்த பாதை தோட்டங்களுக்குள்ளேதான் இருக்கிறது, அவை வந்தது நம் வீட்டுக்கு இல்லை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் பல வருஷம் இங்கே ஆய்வு செய்தார்கள். யானையால் நடந்த மரணங்களைப் பார்த்தபோது, பெரும்பாலும் அங்கே யானை நிற்பதே தெரியாமல் எதிர்ப்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டில் எஸ்டேட் ரோட்டில் வீட்டுக்கு நடக்கும் ஆட்கள். ஆக, யானை இன்னைக்கு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டாலே போதும். முதலில் லோக்கல் கேபிள் டிவியில் எழுத்து ஓட்டினார்கள். 2011-இல் இருந்து எஸ்எம்எஸ், வாய்ஸ் கால். பிறகு உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள், செல்போனிலேயே எரிய வைக்கலாம். விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் யானை. இந்த வேலைக்காக ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார். உயிரிழப்பு நன்றாகவே குறைந்தது. விளக்கைப் போடுகிறவர்களில் எஸ்டேட் மக்களே இருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

புதுத்தோட்டம் பக்கம் போனால் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்கல் பாலம் மாதிரி ஒன்றைப் பார்க்கலாம். அது சிங்கவால் குரங்குக்கு. மரத்திலேயே வாழ்கிற இனம் அது, ரோடு போட்டதும் மேலே கிளையோடு கிளை சேர்ந்திருந்தது அறுந்துபோனது. குரங்கு கீழே இறங்கிக் கடக்க, வண்டியில் அடிபட்டன. அதனால் மேலே பாலம். நீங்க வண்டியை நிறுத்திச் சிப்ஸ் போட்டால் அது பாலத்தை விட்டுக் கீழேதான் வரும். தயவுசெஞ்சு போடாதீங்க.

2025 நவம்பர் 1 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வால்பாறை போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ஆன்லைனில் எடுத்துட்டுக் கிளம்புங்க, செக்போஸ்ட்டில் மாட்டிக்காதீங்க. மேலே போய்விட்டால் திரும்ப அதே வழியில் வரணும்னு கட்டாயமில்லை. வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து, சோலையாறு, வாழச்சால், அதிரப்பள்ளி பார்த்துச் சாலக்குடியில் இறங்கலாம். காட்டு ரோடு, பகலில் மட்டும்தான் விடுவார்கள்.

போகும்போது ஒண்ணு செய்யுங்க. வால்பாறை பஜாரிலோ ரொட்டிக்கடையிலோ டீ குடிப்பீங்க இல்லையா, கடைக்கார அண்ணன்கிட்டயோ அக்காகிட்டயோ "உங்க தாத்தா எந்த ஊர்ல இருந்து வந்தாருங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. கூட்டமில்லாத நேரமாப் பார்த்துக் கேளுங்க, பதில் சின்னதா இருக்காது. உங்க வீட்டிலேயே அப்படி மலை ஏறின கொள்ளுத் தாத்தா, பாட்டி யாராவது இருந்தா, வால்பாறையோ மாஞ்சோலையோ மூணாறோ எதுவானாலும், எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வந்ததை வெச்சு ஒரு எபிசோட் பண்ணலாம்.